இரண்டுமே மடிப்புதான்

சாரம் பகுதித் தையல் கடையில், மறுநாள் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தைத்த வெள்ளை ஃபிராக்கைத் தையல்காரி சுலோசனா விரிக்கிறாள். தைக்கக் கொடுத்த லூர்துசெல்வி கொதிக்கிறாள். "மடிப்பு வைன்னா, அடியில படுக்கப் போட்டு தைச்சிருக்கியே! நான் கேட்டது இடுப்புல நிக்கிற ப்ளீட்டு. இது டக்கு." "ரெண்டுமே மடிப்புதானேக்கா?" என்கிறாள் சுலோசனா. புதிதாகத் தைக்க நேரமில்லை. லூர்துசெல்வியின் மகள் ஜூலி அதைப் போட்டுக்கொண்டு திரையை விலக்கி வருகிறாள். அளவு கொடுத்த பிறகு வளர்ந்துவிட்டாள். ஃபிராக் முழங்காலுக்கு மேலே நிற்கிறது. "சிஸ்டர் திட்டுவாங்கம்மா." சுலோசனா மண்டியிட்டு, அடிமடிப்பின் நூலை ஊசியால் உருவுகிறாள். துணி சரசரவென இறங்கி முழங்காலை மூடுகிறது. மடிந்திருந்த இடத்தில் ஒரு கோடு தெரிகிறது. லூர்துசெல்வி குனிந்து தடவுகிறாள். "இது என்னா மடிப்பு?" "அது வெறும் கிரீஸுக்கா, மடிச்ச தடம். இஸ்திரி போட்டா போயிடும்." இஸ்திரிப்பெட்டியை லூர்துசெல்வியே எட்டி எடுக்கிறாள்.