தோஃபு உரித்த தோல்

"தலையிலேர்ந்து வால் நுனி வரைக்கும் முழுசா வேணும். துண்டு துணுக்கெல்லாம் கொண்டு வராதே!"

வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனாள் வீட்டுக்காரம்மா இசோபே-சான்.

சிஹோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாம்போடு வருகிறவளுக்குக் ஜப்பானின் குராஷிகி ஊரில் ஒருவரும் வீடு தரவில்லை. இவள் ஒருத்திதான் தந்தாள். ஒரே நிபந்தனை, பாம்பு உரிக்கிற தோலெல்லாம் அவளுக்கு.

"பர்ஸ்ல பாம்புத் தோல் வச்சா பணம் சேரும்னு ஊரே வைக்குது, சரி. இதுக்குள்ள எட்டு வாங்கியாச்சு. இந்தம்மாவுக்கு எத்தனை பர்ஸ்டா இருக்கு?" என்றாள், கண்ணாடித் தொட்டியைப் பார்த்து.

வெள்ளைப் பாம்பு தோஃபு நாக்கை மட்டும் நீட்டியது.

இரண்டு நாளில் தோல் உரிந்தது. துண்டு துண்டாக.

சிஹோ துண்டுகளைப் பொறுக்கினாள். காலி பண்ணச் சொன்னால் இந்தக் குளிரில் பாம்பைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

டேப்பை எடுத்தாள். மூச்சு பட்டாலே நகர்கிற தோல். அடுக்கி, ஒட்டி, மாடியிலிருந்து இறங்கினாள்.

"இந்தாங்க இசோபே-சான். அதிர்ஷ்டம், முழு நீளத்துக்கு!"

இசோபே-சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"டேப்பா?"

"வர்ற வழியில லேசா கிழிஞ்சுது..."

"மாடிப்படி இறங்கறதுக்குள்ள பதினோரு இடத்துலயா?"

"காலி பண்ணச் சொல்லிடாதீங்க!"

"அது கிடக்கட்டும். இடது கண்ணு எங்கே?"

"கண்ணா?"

"கண்ணு மேல இருக்கிற தோலும் கூடவே உரியணும். வலது வந்திருக்கு. இடது அங்கேயே ஒட்டிக்கிட்டிருக்கு. நாள் பூரா ஹீட்டர் போட்டிருப்பே, காத்து காஞ்சுபோச்சு. நீ பிய்ச்சுடாதே, கண்ணு போயிடும். ஈரத்துணி போட்ட டப்பாவுல விடு. சாயங்காலம் டாக்டர்கிட்ட காட்டு."

சிஹோவுக்குச் சுருக்கென்றது. ஒட்டுகிற மும்முரத்தில் அவள் பாம்பின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இசோபே-சான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். எட்டுத் தோலும் மடங்காமல் உள்ளே இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதியோடு ஒரு சீட்டு: 'இரண்டு கண்ணும் சரி. வால் நுனியும் சரி.'

"அப்போ... பர்ஸுக்கு இல்லையா?"

"பர்ஸாவது! என் வீட்டுல குடியிருக்கிற ஜீவன் நல்லாயிருக்கான்னு நான் பார்க்க வேண்டாமா?"

இசோபே-சான் குரலைத் தாழ்த்தினாள்.

"நேர்ல பார்க்கத்தான் பயம். அதான் தோலை வாங்கிப் பார்த்துக்கிறேன்."