மூன்று பச்சை

மாலை நாலு பத்து. ஆறு மணிக்குப் பிரிண்ட் கடையை மூடிவிடுவார்கள். நாளை வெளிநாடு கிளம்பும் மகள் கேட்டது இந்த ஒரு படத்தைத்தான்.

பழைய நெகட்டிவை அவர் மூன்று ஸ்கேனர் மென்பொருளில் போட்டுப் பார்த்துவிட்டார். திரையில் ஒரே ஸ்வெட்டர் மூன்று பச்சையாக மிதந்தது.

"எதும்மா சரி?"

"முதலாவது வெறும் பாசி. ரெண்டாவது, கிளி வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கு," என்றாள் மனைவி.

"அப்ப மூணாவதா?"

"இருங்க, வர்றேன்."

உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அதே ஸ்வெட்டரோடு வந்தவள் அதைத் திரையோரம் பிடித்தாள்.

"மூணாவதுல கொஞ்சம் மஞ்சளைக் குறைங்க."

குறைத்தார். துணி எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் இரண்டும் ஒரே பச்சையில் கரைந்தன.

"இதேதான். இனி அவளோட அம்மா அவகூடக் கிளம்பலாம்."

அவர் மெல்லத் திரும்பினார். இவளைக் கல்யாணம் செய்தபோது மகளுக்கு மூன்று வயது. புதிதாக வந்த இவளிடம்தான், இறந்துபோன முதல் மனைவியின் துணிகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லியிருந்தார்.

"இருபது வருஷமா இதை யாருக்காக வச்சிருந்தே?"