சாட்சி நின்ற இடம்

“டிக்கெட் வாங்கித்தானண்ணே உள்ள வந்தோம்? பாக்க வந்த எடத்தப் பாக்காம நான் வெளிய போக மாட்டேன்.”

வாட்ச்மேன் நைனா முகமது அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார். வெள்ளைச் சேலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். அவளுக்குப் பின்னால், முடியை ஒட்ட வெட்டிய ஓர் ஆள் துணிப்பையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“எல்லாத்தையும்தான் பாத்துட்டீங்களேம்மா. தூணு, மாடம், மண்டபம் எல்லாம் பாத்தாச்சு. மணி அஞ்சாகப் போகுது. ஒலி ஒளிக் காட்சிக்கு நாங்க நாற்காலி போடணும்.”

“நான் தூணு பாக்க வரல. இங்க கோர்ட்டு இருந்துச்சுல்ல? அப்ப சாட்சிக் கூண்டு எங்க இருந்துச்சு? அதக் காட்டுங்க.”

நைனா முகமதுக்கு வியப்பாக இருந்தது. திருமலை நாயக்கர் மகாலுக்கு வருகிறவர்கள் ராஜா எங்கே உட்கார்ந்தார் என்று கேட்பார்கள், ராணி எந்த வழியாக வந்தாள் என்று கேட்பார்கள். கோர்ட் இங்கிருந்து போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. அதைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அவருக்குத் தெரியாமல் இல்லை. இந்த வேலை கிடைப்பதற்கு முன்னால், தெருமுனைக் கடையிலிருந்து வக்கீல்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தவர் அவர். இந்த மண்டபத்தில் அப்போது எது எங்கே இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

“எந்த ஊரும்மா?”

“எழுமலைப் பக்கம். பேரு ஒச்சாயி. எங்க வீட்டுக்காரரத் தோட்டத்துல வச்சு வெட்டிப் போட்டாக. ஆச்சு, பதினஞ்சு வருசம். அந்தக் கேசு இங்கதான் நடந்துச்சு. நான்தான் சாட்சி.”

நைனா முகமதுவின் குரல் இறங்கியது. “தண்டனை கெடச்சுச்சா?”

“ஆயுசுக்கும்னு தீர்ப்பாச்சு.”

“நியாயம் கெடச்ச எடத்த இன்னொரு தரம் பாக்கணும்னு மனசு கேக்குது. தப்பில்லம்மா. இவரு யாரு, கூடப் பொறந்தவரா?”

“இல்ல. நான் கூப்புட்டேன், வந்திருக்காரு.”

நைனா முகமது முன்னால் நடந்தார். வளைவுகளைத் தாண்டி ஓர் இடத்தில் நின்று கை காட்டினார். அங்கே இரும்பு நாற்காலிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன.

“அதுக்குள்ளதான். இங்கருந்தே பாத்துக்கங்க.”

ஒச்சாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். பிறகு இரண்டாவது. கூட வந்தவர் பையைக் கீழே வைத்துவிட்டு அவரும் தூக்க ஆரம்பித்தார். வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்த நைனா முகமது, மூன்றாவது முறை தானும் ஒரு நாற்காலியைத் தூக்கினார்.

இடம் காலியானதும் அவள் நடுவில் போய் நின்றாள்.

“அன்னைக்கு டவாலி போட்ட கோர்ட்டு சேவகரு எம்பேர மூணு தரம் சொல்லிக் கூப்புட்டாரு. அதே மாதிரி நீங்க கூப்புடுங்கண்ணே.”

“நான் எதுக்கும்மா?”

“கூப்புட்டாத்தான் எனக்கு வாய் வரும். நாளைக்கு எங்க ஊர்ல கூட்டம் போடுறாக. செயில்லருந்து வந்த ஆள ஊருக்குள்ள வச்சுக்கலாமா வேணாமான்னு பேசப் போறாக. அம்புட்டுப் பேரு முன்னாலயும் நான் பேசணும். ஒரு வருசமா நெனச்சுக்கிட்டே இருக்கேன், தொண்டையோட நின்னு போகுது. இங்க ஒருக்காச் சொல்லிட்டேன்னா அங்கயும் சொல்லிப்புடுவேன்.”

நைனா முகமதுக்கு இப்போது விளங்கியது. பாவி, தண்டனை முடிந்து வெளியே வந்துவிட்டான். தாலியறுத்த பெண் கண் முன்னாலேயே நடமாடப் பார்க்கிறான்.

“அவன ஊருக்குள்ள விடக் கூடாதுன்னு சொல்லப் போற, அதான? தைரியமாச் சொல்லு தாயி. ஒரு உசுர எடுத்தவனுக்கு என்ன ஊரு, என்ன உறவு?”

கூட வந்தவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூப்புடுங்கண்ணே,” என்றாள் மறுபடியும்.

நைனா முகமது சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வையாளர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் காலத்து டவாலி இழுத்ததைப் போலவே இழுத்தார்.

“ஒச்சாயி... ஒச்சாயி... ஒச்சாயி...”

பெயர் மேலே விதானம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஒச்சாயி நிமிர்ந்து நின்று, நீதிபதியின் மேடை இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். ஒரு கையை மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கூட வந்தவர் மெதுவாக நடந்துபோய் எதிர்த் தூணருகே நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தத் தூணருகே முன்பு இருந்தது எது என்று நைனா முகமது இவர்களிடம் சொல்லவே இல்லை.

“எசமான்,” என்று ஒச்சாயி ஆரம்பித்தாள். குரல் முதலில் கம்மியது, பிறகு தெளிந்தது. “எம் புருசன வெட்டுனது யாருன்னு நான் பாக்கல. கொழுந்தன்மாரு சொல்லிக் குடுத்ததக் கேட்டு, கைப்புள்ளயோட போக்கிடம் இல்லாம, இங்க நின்னு பொய் சொன்னேன். நான் கை நீட்டுனதுக்குப் பதினாலு வருசம் உள்ள கெடந்துட்டு, இன்னைக்கும் நான் கூப்புட்டேன்னு வந்து அந்தா அதே குத்தவாளிக் கூண்டு எடத்துல நிக்கிறாரே காசிமாயன், அவரு வெட்டல எசமான்.”