புகைக்கென்று ஒரு விறகு

எலெனோவா வீட்டுப் புகை இந்த ஞாயிறும் நேராகப் பெனியமினா வீட்டுக்குள் வந்தது.

பெனியமினா ஊர்ச் சபைத் தலைவர். அவர் வீட்டுக்காரிக்கு இழுப்பு. படுக்கையில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். ஞாயிறு விடிந்தால் சவாயி தீவில் எல்லார் வீட்டிலும்தான் கல்லடுப்பு மூட்டி, சுட்ட கல்லில் கிழங்கும் மீனும் வைத்து இலையால் மூடுகிறார்கள். சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட வேண்டாமா? ஆனால் மற்ற வீடுகளில் அடுப்பு எரிகிறது. எலெனோவா வீட்டில் புகைகிறது.

தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

எலெனோவா பின்கட்டில் குனிந்து, ஈரத் தேங்காய் மட்டையை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். தலைவர் முன்னால் நிற்பது மரியாதையில்லை என்று தரையில் உட்கார்ந்தாள்.

விறகென்றால் என்னவென்று உன் ஆத்தா சொல்லித் தரவில்லையா என்று ஆரம்பித்தார். சட்டென்று பற்ற வேண்டும், நின்று எரிய வேண்டும், கல் சிவக்க வேண்டும், கண்ணைக் கரிக்கக் கூடாது. உன் மட்டைக்கு இதில் எது உண்டு?

அப்போதுதான் பார்த்தார். சுவரோரம் காய்ந்த சிரட்டை குவிந்து கிடந்தது. கை படாத குவியல்.

"இத்தனை சிரட்டையை வச்சுக்கிட்டு எதுக்கு இந்தக் கூத்து? திமிரா? சபையில சொல்லி அபராதம் போடட்டுமா?"

"சிரட்டை சமைக்கறதுக்குங்க ஐயா. அது புகையாது."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுப்பை மூடியிருந்த வாழையிலைகளைத் தடியால் விலக்கினார்.

இலைக்கு அடியில் கல். கல்லுக்கு அடியில் கல். ஒரு கிழங்கு இல்லை. ஒரு மீன் தலை இல்லை.

தடி அந்தரத்தில் நின்றது.

"எல்லா வீட்லயும் புகை எழும்புது. எங்க வீட்ல மட்டும் இல்லேன்னா ஊரு என்னன்னு கேக்கும். பிள்ளைங்க சர்ச்சுக்குத் தலை நிமிர்ந்து போகணுமில்ல?"

"எத்தனை நாளா இப்படி?"

ஒரு மாதமாக என்றாள்.

"அடிப்பாவி. தோட்டம் பூரா சேப்பங்கிழங்கு இருந்துச்சே. கொழுத்த பன்னி ஒண்ணு நின்னுச்சே."

எலெனோவா அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

"மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதின பொறவு யாரும் நடக்கக் கூடாத தெருவில என் மகன் நடந்தான்னு தீர்ப்பு சொன்னீங்களே, ஐயா. பன்னியும் கிழங்கும் அந்த அபராதத்துக்குத்தான் போச்சு."

அபராதப் பன்றியில் முதுகுத் துண்டு தலைவர் வீட்டுக்கு வரும். அது வழக்கம். வந்ததில் உப்புக் குறைவு என்று பாதியை நாய்க்குப் போட்டவர் அவர்.