இருபது கிலோ லொறி

“இருபது தொன் உரம் ஏத்தின லொறிக்கு இருபது கிலோ எண்டு துண்டு வந்திருக்கு, ஞானசேகரம். என்ட சின்ன மகளே இதைவிடப் பாரம்!”

கொழும்பிலிருந்து வந்து இறங்கியதும் இறங்காததுமாகப் பணிப்பாளர் ஸஜ்ஜாத் எடைத் துண்டை மேசையில் எறிந்தார். வெளியே துறைமுக வாசலில் கிண்ணியா லொறிகளும் மூதூர் லொறிகளும் வரிசையாக நின்று ஹோர்ன் அடித்தன.

கணினிப் பிரிவுத் தலைவர் ஞானசேகரத்துக்கு வேர்த்து ஊற்றியது. அடுத்த வாரம் முகாமையாளர் பதவி கைக்கு வர இருந்தது. அலுவலகத் தேநீருக்குப் பால்மா கேட்டு எழுதும் கடிதத்தைக்கூடத் தன் பெயரில்தான் அனுப்புவார். அப்படிப்பட்ட பெரிய மனிதருக்கு இந்தச் சோதனை.

“லொறி நிறுக்கிற கணினியின்ர அமைப்புக் கோப்பில ஆரோ கை வைச்சிருக்கினம் சேர். தொன் எண்டு இருந்ததைக் கிலோ ஆக்கியாச்சு.”

“யார்?”

“உடனே பிடிக்கலாம் சேர். எங்களிட்ட ‘கிட்’ எண்டொரு மென்பொருள் இருக்கு. கோப்பில ஒரு புள்ளியை மாத்தினாலும், ஆர், எப்ப, என்னத்தை மாத்தினது எண்டு அது எழுதி வைச்சிடும். பிள்ளை பஹ்மியா, அந்தப் பதிவைத் திறவும்!”

கிட்டைப் பராமரிக்கும் உதவியாளர் பஹ்மியாவின் கை விசைப்பலகைக்குப் போகவில்லை.

“சேர், முதல்ல பழைய கோப்பைத் திருப்பிப் போடுவம். ஒரு நிமிஷ வேலை. லொறியெல்லாம் போகட்டும். ஆள் யாரெண்டு பிறகு பார்ப்பம்.”

ஓகோ, ஆள் அகப்பட்டாள்! ஞானசேகரத்தின் மனம் துள்ளியது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. பதவியை நினைத்ததும் அந்தப் பாவம் பறந்துவிட்டது.

“ஏலாது! இப்பவே பாக்கவேணும். சேர், இதில ஆரின்ர பெயர் இருக்கோ, அந்த ஆள் இண்டைக்கே வேலையை விட்டுப் போகவேணும். இரக்கம் பாக்கக் கூடாது.”

“ஓம், அப்படியே செய்வம்” என்றார் ஸஜ்ஜாத்.

“சேர், வேணாமே...” பஹ்மியா கெஞ்சினாள்.

“திறவும் எண்டுறன்!”

திறந்தாள். ஸஜ்ஜாத் குனிந்து வாசித்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்து ஞானசேகரத்தைப் பார்த்தார். திரையில் மேலிருந்து கீழ்வரை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே ஒரே பெயர்: ஞானசேகரம்.

“ஐயோ, நான் இந்தக் கோப்பைத் தொட்டதே இல்லை!”

“தெரியும் சேர். கடிதம் மாதிரி இதுவும், யார் என்ன செஞ்சாலும் தலைவர்ட பெயரிலதான் பதியவேணும் எண்டு போன மாசம் எல்லார்ட கணினியிலயும் நீங்கதானே மாத்த வெச்சீங்க” என்றாள் பஹ்மியா பரிதாபமாக. “இப்ப இதைத் திருத்துறதையும் உங்கட பெயரிலயே போடட்டா?”