நேர்ந்த சேவலின் கால்

தலையைத் துண்டால் மூடியதும் சேவல் அடங்கிவிட்டது.

அவளுக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

புறவாசல் துவைகல்லில் உட்கார்ந்து, அதை மடியில் மல்லாத்திப் போட்டு, இடது காலில் இருந்த கட்டைப் பிரித்தாள். இருபது நாளாக இதே வேலை. கருவேல முள் ஏறிய உள்ளங்கால், புளியங்கொட்டை அளவுக்குக் கறுத்து இறுகிப்போயிருந்தது. தினமும் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்தாள். பொருக்கு இளகியதும் உரித்து, உள்ளே கட்டிக்கிடந்த சீழை எடுத்தாள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து வைத்துக் கட்டினாள்.

ஒரு நாள்கூட அது அவளைக் கொத்தவில்லை. கொத்தியிருந்தாலாவது தேவலை.

கடைசிச் சுற்றும் கழன்றது.

பொருக்கு இல்லை. வீக்கம் இல்லை. இளஞ்சிவப்பாகப் புதுத்தோல்.

பாழாய்ப்போன கால், இன்றைக்குப் பார்த்தா ஆற வேண்டும்?

நாளை மறுநாள் கோயில் கொடைத் திருவிழா.

அவள் வாயால் நேர்ந்த சேவல் இது. போன வருஷம், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, புருஷன் பிழைத்து வீடு வந்து சேர்ந்தால் அவர் வளர்க்கும் சேவலையே தருகிறேன் என்று சாமியிடம் சொன்னாள். பக்கத்தில் நின்ற கொழுந்தன் பலவேசம் அதைக் கேட்டான். அவனிடமிருந்து ஊரே கேட்டது.

நாலாம் நாள் அவர் வீடு வந்தார். வெள்ளைத் துணியில் சுற்றி.

அப்படியானால் பேச்சு தவறியது யார்? அவளா, சாமியா? இந்தச் சின்ன நியாயம் ஊரில் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. வருஷத் தீட்டு கழிந்த கையோடு ஆளுக்கு ஆள் வந்து நின்றார்கள்.

"நேந்தது நேந்ததுதானம்மா. வயசுப் புள்ளைய வச்சிருக்க. சாமி குத்தம் ஆயிரப்படாது."

மகளை இழுத்ததும் அவள் மறுத்துப் பேசுவதை விட்டாள்.

அந்த வாரம்தான் சேவல் நொண்டியது.

ஊனமான உயிரைச் சாமிக்குக் கொடுப்பதில்லை. கால் ஆறாவிட்டால் அது பிழைக்கும். ஆறினால் அரிவாள்.

மருந்து வைக்காமல் விட்டிருக்கலாம். இரண்டு நாள் விட்டும் பார்த்தாள். ஒற்றைக் காலில் நின்றபடி, தீனியைப் பார்த்தும் நகராமல், அது கண்ணை மூடி மூடித் திறந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து பொட்டுக்கடலை எடுத்துப் போட்டு வளர்த்தது. பார்க்கச் சகிக்கவில்லை. மூன்றாம் நாள் அடுப்பில் தண்ணீரை வைத்தாள்.

வைத்துக்கொண்டே திட்டினாள். சாமியை, ஊரை, அந்த வராந்தாவில் சும்மா இருக்காத தன் வாயை.

எல்லாரையும்விடப் பலவேசத்தை. இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கால் எப்படி இருக்கு மதினி?" என்பான். ஒரு நாள் கால்நடை ஆஸ்பத்திரியில் களிம்பு வாங்கிவந்து வேலிக்கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனான். கூடப்பிறந்தவன். அண்ணன் ஆசையாக வளர்த்ததை வெட்ட இவ்வளவு அவசரம்.

அந்தக் களிம்பை அவள் தொடவே இல்லை.

சேவலைக் கீழே விட்டாள். ஒரு நொண்டலும் இல்லாமல் நடந்தது. மண்ணைக் கிளறியது. தொட்டிக்கரையில் தாவி ஏறி, ஊருக்கே கேட்கும்படி கூவியது.

"வாய மூடு. நீயே போயி கழுத்த நீட்டுவ போல."

தெருவில் பைக் சத்தம் கேட்டது.

அண்ணனின் பைக்கைத்தான் பலவேசம் இப்போது ஓட்டுகிறான். அந்தச் சத்தம் கேட்டால் சேவல் இன்னமும் வாசலுக்கு ஓடும். இறங்கி ஓடியது. பாதி வழியில் பாய்ந்து அமுக்கினாள். மறுபடி துண்டு, மறுபடி மடியில் மல்லாக்க. கழற்றிப்போட்ட துணியையே எடுத்துக் காலில் சுற்று மேல் சுற்றாகச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

கட்டு இருக்கிற காலைச் சேவல் ஊன்றாது. இருபது நாளில் இதையாவது கற்றுக்கொண்டிருந்தாள்.

கீழே விட்டாள். காலைத் தூக்கித் தூக்கி உதறிக்கொண்டு நொண்டியது.

பலவேசம் வேலியருகே வந்து நின்றான். சேவலைப் பார்த்தான். அதன் காலைப் பார்த்தான். எதையோ கேட்க வாயெடுத்தான்.

"ஆறல," என்றாள் முந்திக்கொண்டு. "இனி ஆறவும் ஆறாது. போயி உங்க சாமிகிட்டச் சொல்லுங்க. இது வேணும்னா, மொதல்ல எங்க வீட்டு ஆளத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க."

ஒரு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது. சொல்லியும் தணியவில்லை.

அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். நாலெட்டு போய் நின்றான். திரும்பவில்லை.

"பூசாரி நாலு மணிக்குப் பாக்க வாராரு மதினி. எடது கால்ல புண்ணு, ஆறவே ஆறாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். கட்ட மாத்திப் போடுங்க."

சேவல் வலது காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

தெருவில் வெகுநேரம் பைக் கிளம்பவில்லை.