உப்புப் பார்த்த கை

மாதையன் செய்த ஒரே தப்பு, குழம்பில் உப்புப் பார்த்ததுதான். அணை மீன்களுக்குப் புழு வந்ததிலிருந்து, ஒரு மணி நேரம் கொதிக்காத மீனை யாரும் வாயில் வைப்பதில்லை. ஆனால் இருபது வருடமாகக் கடையில் குழம்பு வைக்கிற கை, பத்தாவது நிமிடமே கரண்டியை நாக்குக்குக் கொண்டுபோய்விட்டது. உப்பு சரியாக இருந்ததில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

புழு பிடித்த மீன் ஆழத்தை விட்டுக் கரையோரம் வந்து நிற்கும். கொக்கு வந்து கொத்தும்வரை நகராது.

"எனக்கும் வந்துருச்சா, புள்ள?" என்று மனைவி குப்பாயியிடம் தினமும் கேட்டான்.

"நீங்க வெக்கிற காரத்துக்குப் புழு பொழைக்குமா?" என்று அவளும் தினமும் மழுப்பினாள்.

இன்று அணையில் கை கழுவப் போனவன், கரையில் நின்ற குப்பாயியிடம் அதையே கேட்டான். அவளைச் சுற்றிலும் கொக்குகள். ஒன்றுகூட மீனைப் பார்க்கவில்லை. எல்லாம் அவனையே பார்த்தன.

"சொந்தக்காரங்ககூட என்னை இவ்வளவு மரியாதையா பாத்ததில்ல," என்றான்.

குப்பாயி சிரிக்கவில்லை. தண்ணீரில் இறங்கி வந்து, முந்தானையை அவன் மணிக்கட்டில் இறுக்கி முடிந்தாள்.

"வந்துருச்சு, மாமா. காலையில இருந்து இடுப்பளவு தண்ணியிலதான் நிக்கிறீங்க."